மகள் வீட்டில் ஒரு ராத்திரி

என் மகள் நகரத்துக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அங்கே பெரிய இசை மண்டபத்தின் வாத்தியக் குழுவில் டிரம்பெட் வாசிக்கிறாள். இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட, "அம்மா, என் வீட்டுக்கு வா" என்று அவள் வாயிலிருந்து வரவில்லை. நானும் கேட்காமல் கேட்டுப் பார்த்தேன். வீட்டில் வெளிச்சம் வருமா என்றால் வரும் என்பாள். தண்ணீர் வருகிறதா என்றால் வருகிறது என்பாள். அக்கம்பக்கம் எப்படி என்றால், "எல்லாரும் நல்லவங்கம்மா." அதற்கு மேல் ஒரு வார்த்தை பிடுங்க முடியாது.

என் நாத்தனார் ஒருநாள் குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். "லோடு வண்டி ஓட்டறவர் பொண்ணுன்னு அங்க யாருக்கும் தெரியாம இருக்கும் அண்ணி. நீங்க போய் நின்னு காட்டிக் குடுத்துடாதீங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அன்றைக்குத் தைத்த நாலு தலையணை உறையும் கோணலாகப் போயின.

நான் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜன்னல் திரை, தலையணை உறை, சோபா உறை எல்லாம் தைக்கிறேன். போன மாதம் மகளிடம் போனில், "உன் வீட்டு ஜன்னலுக்கு ஒரு திரை தைச்சுத் தரேன், அளவு சொல்லு" என்றேன். அதெல்லாம் எதுக்கும்மா என்றாள். பிறகு, "மூணரைக்கு நாலும்மா" என்றாள். அப்பாடா, ஒரு ஜன்னல் அளவாவது கிடைத்ததே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்காரரிடம் கெஞ்சி நல்ல துணியாக வாங்கி, மேலே வளையம் வைத்து, கீழே கனம் கொடுத்துத் தைத்து வைத்தேன்.

பிறகுதான் அவளே கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கச்சேரி, எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டாளாம். நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், "மண்டபத்துக்குப் பக்கத்துலயே ஒரு லாட்ஜ்ல ரூம் போட்டிருக்கேன்" என்றாள்.

"எதுக்குடி லாட்ஜ்? உன் வீடு எங்க போச்சு?"

"பெயிண்ட் அடிக்கறாங்கம்மா. ஒரே நெடி. உனக்குத் தலைவலி வந்துடும்."

எனக்குத் தலைவலி அப்போதே வந்துவிட்டது. சரி, வா மகளே என்று வாயை மூடிக்கொண்டேன். நெடி அடித்தாலும் சரி, நடுக்கூடத்தில் ஏணி நின்றாலும் சரி, அன்றைக்கு ராத்திரி நான் மகள் வீட்டில்தான் படுக்கப்போகிறேன் என்று முடிவு கட்டி, திரையை மடித்துப் பைக்குள் அடியில் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, அவர் ஒரு தனிப் பிறவி. பஸ்ஸில் போகலாம் என்றால், "நம்ம வண்டி இருக்கறப்ப எவனோ ஓட்டற வண்டியில போறதா?" என்பார். சரி, நம் வண்டியிலேயே போகலாம் என்றால், "காலி வண்டியை யாராவது ஓட்டுவாங்களா?" என்பார். கடைசியில் நகரத்து எல்லையில் இருக்கும் ஒரு கிடங்குக்குத் தரை ஓடு ஏற்றிக்கொண்டார். மகள் கச்சேரிக்குப் போகிற அம்மா, ஓட்டுப் பெட்டிகளோடு போகிறாள்! விடிவதற்கு முன்னே கிளம்பினோம். நல்ல உடுப்பு கசங்காமல் உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

கிடங்குக்குப் போனால் சாவி வைத்திருக்கும் ஆள் சாப்பிடப் போயிருந்தான். அவன் சாப்பிட்டானா, சமைத்துச் சாப்பிட்டானா தெரியவில்லை, அவ்வளவு நேரம். சரக்கை இறக்கி முடித்து நகரத்துக்குள் நுழையும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது. அதற்கப்புறம் ஒருவழிப் பாதைகள். மண்டபத்தின் கூரை இதோ என்று தெரியும், சாலை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். மூன்றாவது தடவை அதே மருந்துக்கடையைக் கடந்தபோது நான் வாயைத் திறந்தேன்.

"யாரையாவது கேளுங்களேன்."

"எதுக்குக் கேக்கணும்? வழி தெரியாமலா ஓட்டறேன்?"

ஒருவழியாக மண்டபத்தின் முன்வாசல் வந்தது. உயரமான கண்ணாடிக் கதவுகள், அகலமான படிகள், பளபளக்கும் கார்களிலிருந்து இறங்கும் ஜனங்கள். எங்கள் வண்டியைப் பார்த்ததும் காவலாளி ஒருவர் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஆனால் இவருக்கு என்னவோ பெரிய நிம்மதி. "பாத்தியா, இந்தப் பக்கம் இல்ல" என்று சொல்லி, பக்கத்துச் சந்துக்குள் வண்டியைத் திருப்பினார். இத்தனை வருஷத் தொழிலில் எந்தக் கட்டடத்துக்குள்ளும் முன்வாசல் வழியாக நுழைந்து அவருக்குப் பழக்கமில்லை. ஆஸ்பத்திரியானாலும் கல்யாண மண்டபமானாலும் சரக்கு இறக்கும் வாசல் எங்கே என்றுதான் அவர் கண் தேடும்.

பின்வாசலில் பெரிய இரும்புக் கதவு திறந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் அங்கிருந்த ஆள் இரண்டு கையையும் ஆட்டினார்.

"வந்துட்டீங்களா! எவ்வளவு நேரமாப் பாத்துட்டிருக்கோம்! அப்படியே ரிவர்ஸ்ல வாங்க, வாங்க, வாங்க..."

ரிவர்ஸில் வா என்று யாராவது சொன்னால் போதும், என் வீட்டுக்காரருக்கு வேறெதுவும் காதில் விழாது. அங்குலம் பிசகாமல் பின்னுக்குப் போய் நிறுத்தினார். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் நாலு பேர் வந்து, மேடைக்குப் போடும் பலகைகளைத் தூக்கி எங்கள் வண்டியில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். பழைய பலகைகளை எடுத்துப்போக வேறு ஏதோ வண்டி வரவேண்டியிருந்ததாம். இவராவது 'ஐயா, நாங்க அந்த ஆளுங்க இல்ல' என்று சொல்ல வேண்டுமா இல்லையா? கீழே இறங்கி, "அப்படிப் போடாதீங்க, நீளவாக்குல போடுங்க" என்று ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கிறார்!

"என்னங்க இது? நாம கச்சேரி கேக்க வந்திருக்கோம்."

"இரு, இன்னும் ரெண்டே ரெண்டு பலகைதான்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இங்கே பொறுப்பானவர் யார் என்று கேட்டேன். "உள்ள சாவி அக்கா இருப்பாங்க" என்று ஒருவர் கை காட்டினார். விடுவிடுவென்று உள்ளே போனேன்.

நீளமான நடைவழி. இரண்டு பக்கமும் கறுப்புப் பெட்டிகள். கடைசியில் ஓர் அறை திறந்திருந்தது. வாத்தியங்கள் வைக்கும் அறை. ஆள் உயரத்துக்குப் பெரிய பிடில் பெட்டிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால், சுவரோரம், முரசுகளுக்குப் போர்த்தும் தடித்த துணி ஒன்று கயிற்றில் தொங்கியது. "யாருங்க இருக்கீங்க?" என்று கேட்டபடியே துணியை விலக்கினேன்.

உள்ளே ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்கு இடம். தரையில் மடித்த போர்வை. கம்பியில் ஒரு துண்டு, சோப்பு டப்பா, ஒரு தண்ணீர்ப் பாட்டில். போர்வையின் மேல் ஒரு தலையணை. அதன் உறையை நான் தைத்திருந்தேன். என் தையல் எனக்குத் தெரியாதா? ஓரம் முடிகிற இடத்தில் மூன்று தடவை திருப்பி ஓட்டுவேன், வேறு யாரும் அந்தப் பாடுபட மாட்டார்கள். எங்கள் படுக்கையறைத் திரையில் மிஞ்சிய துணியில், அவள் நகரத்துக்குக் கிளம்பும்போது தைத்துக் கொடுத்தது.

நான் சுற்றிலும் பார்த்தேன். அந்த அறையில் ஜன்னலே இல்லை.

மூணரைக்கு நாலும்மா என்று சொன்னாளே. எந்த ஜன்னலைப் பார்த்து, எதை நினைத்துக்கொண்டு அந்த அளவைச் சொன்னாள்?  அந்தத் துணியைப் பிடித்தபடியே நின்றேன்.

"இங்க யாரும் வரக்கூடாதும்மா" என்று பின்னால் குரல் கேட்டது. இடுப்பில் சாவிக் கொத்து தொங்க, என் வயதில் ஒரு பெண்மணி. நான் திரும்பியதும் என் முகத்தையே பார்த்தார். என் மகளுக்கு என் ஜாடை, அப்படியே உரித்து வைத்த மாதிரி இருப்பாள். அவர் குரல் இறங்கிவிட்டது.

"டிரம்பெட் பொண்ணோட அம்மாவா?"

தலையை ஆட்டினேன்.

"உக்காருங்க" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"எத்தனை நாளா?"

"மூணு மாசமிருக்கும். வாடகை குடுக்காம இல்லம்மா, அவ தப்பு எதுவும் பண்ணல. வாசிக்கறா, அவ்வளவுதான். தினம் ரெண்டு மணி நேரமாவது ஊதணும். எந்த வீட்டுலம்மா விடுவாங்க? ஒரு வீட்டுல குழந்தை தூங்கலேன்னாங்க. இன்னொரு வீட்டுல பக்கத்து வீட்டுக்காரர் சுவத்த இடிஇடின்னு இடிச்சார். அடுத்த இடத்துல சாமானைத் தூக்கி வாசல்ல வச்சுட்டாங்க. ஊதினா வீடு போகுது, ஊதலேன்னா இந்த வேலை போகுது. நான்தான் சாவி குடுத்தேன். மேல தெரிஞ்சா எனக்கும் வேலை இல்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வந்து கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு பயம். வர்ற செவ்வாய்க்கிழமை குழுவுல நிரந்தர இடத்துக்குத் தேர்வு இருக்கு. அதுவரைக்கும் ஒண்ணும் காட்டிக்காதீங்கம்மா. அவ தாங்கமாட்டா."

சரி என்று சொல்லி, அந்தத் துணியை முன்போலவே இழுத்துவிட்டேன். சாவி அக்கா வெளியே வந்து நாலு அதட்டல் போட்டார். பலகைகளை எல்லாம் இறக்கினார்கள். அவ்வளவு அழகாக அடுக்கியதை இறக்குகிறார்களே என்று இவருக்கு வருத்தம். என் முகத்தைப் பார்த்து, "ஏன் ஒரு மாதிரி இருக்கே? கோபமா?" என்றார். ஆமாம், கோபம்தான் என்றேன்.

கச்சேரியில் எங்கள் இடம் மேல்வரிசையில். அவள் கறுப்பு உடையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு இசை தெரியாது. பிடில்காரர்கள் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். இவள் டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். "ஏன் இவளை வாசிக்க விடல?" என்று வீட்டுக்காரர் என் காதில் கேட்டார். "முறை வரும், பேசாம இருங்க" என்றேன். நான் அவள் கன்னத்தைப் பார்த்தேன். மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருக்கிறதா என்று அவ்வளவு தூரத்திலிருந்து எட்டி எட்டிப் பார்த்தேன்.

பிறகு அவள் எழுந்து நின்றாள். மற்ற எல்லாரும் அடங்கிவிட்டார்கள். அவள் மட்டும் வாசித்தாள். அந்தச் சத்தம் மண்டபம் முழுக்க நேராக, கொஞ்சம்கூட நடுங்காமல் போயிற்று. ஜனங்கள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். இதற்காகவா சுவரை இடித்தீர்கள், பாவிகளா என்று எனக்கு எழுந்து கத்த வேண்டும்போல இருந்தது. அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் நான் இசையில் உருகிவிட்டேன் என்று நினைத்து என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

முடிந்ததும் படிகளில் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அப்போது அவர்கள் குழுத் தலைவர் அந்தப் பக்கம் வந்தார், பெரிய மனிதர். இவள் அவரைக் கையைப் பிடித்து நிறுத்தாத குறையாக நிறுத்தினாள். "சார், எங்கப்பா. லோடு வண்டி ஓட்டறார். என்னை முதல் முதல்ல பேண்ட் வாத்தியம் கேக்கத் தோள்ல தூக்கிட்டுப் போனது இவர்தான். இது எங்கம்மா." அவர் இவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். நாத்தனாருக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் அந்தப் பதிலால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மகளுக்கு எங்களைப் பார்த்து வெட்கம் என்றே இருந்திருக்கலாம். அவளுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரையாவது இருந்திருக்கும்.

லாட்ஜ் அடுத்த தெருவில் இருந்தது. இரண்டாவது மாடி. கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் டிவி. உள்ளே வந்ததும் மகள், "நான் கிளம்பறேம்மா, காலையில வரேன். பிராக்டிஸ் பண்ணணும்" என்றாள்.

"அஞ்சு நிமிஷம் படு. அப்புறம் போ."

"நேரமாகும்மா."

"அஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் குடி முழுகாது."

கட்டிலில் சாய்ந்தாள். ஷூவைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மெத்தையில் படுத்து எத்தனை நாளாயிற்றோ. நான் மெதுவாக ஷூவைக் கழற்றினேன். என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் நின்று, "பெயிண்ட் அடிக்கறாங்கன்னாளே, யாரு அடிக்கறது, என்ன பெயிண்டுன்னு ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாமா? ஏமாத்திடுவாங்க" என்றார். நான் அவர் கையை நறுக்கென்று கிள்ளினேன். ஏன் கிள்ளினேன் என்று அவருக்குப் புரியவில்லை.

அரை மணி நேரம் கழித்துத் திடுக்கிட்டு எழுந்தாள். "ஐயோ, மணி என்ன? நான் போகணும்."

"எங்க போகணும்? இங்கயே வாசி."

"இங்கயா? வேண்டாம்மா. விடமாட்டாங்க."

"யாரு விடமாட்டா? வாசிடி. எவன் வரான்னு நான் பாக்கறேன்."

அவளை அந்தப் போர்வைக்குத் திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் காரணம். பெருமைக்காகச் சொல்லவில்லை, வீம்புக்காகவும் இல்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "ஒரு நாள் விட்டாலும் உதடு மறந்துடும்மா" என்று தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்தாள். சத்தத்தை அடக்கும் மூடி ஒன்றை டிரம்பெட்டின் வாயில் செருகினாள். கதவுக்கு முதுகைக் காட்டி, மூலையில் நின்று, சின்னதாக ஊத ஆரம்பித்தாள். அவள் அப்பா கண்ணை மூடிக் கேட்டார். எனக்கும் கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருந்தது.

கதவு தட்டப்பட்டது.

முதல் தட்டலிலேயே அவள் கை நின்றுவிட்டது. நான் போய்த் திறந்தேன். லாட்ஜ் மேனேஜர், பின்னால் பக்கத்து அறைக்காரர்.

"என்னம்மா இது? இது என்ன இடம்னு நினைச்சீங்க?"

"லாட்ஜுன்னு நினைச்சேன். தப்பா?"

"ஊதறதுன்னா மண்டபத்துல போய் ஊதுங்க. இங்க மனுஷங்க இருக்காங்க."

"மணி ஏழரைகூட ஆகல. இவரு டிவி சத்தம் எங்க ரூம் வரைக்கும் கேக்குது. அதை யாரு வந்து கேக்கறது? என் பொண்ணு அந்த மண்டபத்துல வாசிக்கறவ. இன்னிக்குச் சாயங்காலம் ஊரே உக்காந்து கேட்டுச்சு, தெரியுமா?"

"ஊரு கேக்கட்டும்மா. எங்க கஸ்டமர் கேக்கமாட்டாரு."

"ஒரு அரை மணி நேரம். அரை மணி நேரம் பொறுத்துக்கிட்டா என்ன?"

"இதான் வேண்டாங்கறது. ரூமைக் காலி பண்ணுங்க."

அதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. பேசி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். என் மகள் பெட்டியை மூடிவிட்டாள். ஷூ போட்டுவிட்டாள். என் துண்டை மடித்து என் பைக்குள் வைத்துவிட்டாள். கட்டில் விரிப்பைக்கூட நீவிச் சரி செய்திருந்தாள். அந்த ஆள் என்ன சொல்லப்போகிறான் என்று அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. "மன்னிச்சிடுங்க சார்" என்று அவனிடம் சொன்னாள். எத்தனை வாசலில் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வருகிறது? எனக்கு அந்த ஆள்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. 

இவர், "நான் வண்டியை எடுத்துட்டு வரேன்" என்று கீழே இறங்கினார்.

மாடிப்படியில் பையோடு இறங்கினேன். ஆட்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். என் வயதுக்கு யாரும் என்னை ஓர் இடத்தைவிட்டு இப்படி வெளியே அனுப்பியதில்லை. ஒரு தடவைக்கே, அதுவும் புருஷனும் மகளும் கூட இருக்கும்போதே, எனக்கு உடம்பு கூசிப்போயிற்று.

வண்டியில் முன்னால் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். அவள் நடுவில்.

"விடு, இவன் இல்லேன்னா என்ன?" என்றார் இவர். "நெடி அடிச்சா அடிச்சுட்டுப் போகுது. உன் வீட்டுக்கே போயிடலாம். எந்தப் பக்கம்மா திரும்பணும்?"

"நேராப் போங்கப்பா."

நேராகப் போனோம். ஒரு சிக்னல் வந்தது.

"இப்போ?"

"நேராத்தாம்பா."

இன்னும் கொஞ்ச தூரம் போனோம். கடைகள் குறைந்துவிட்டன. தெரு விளக்குகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. அவள் டிரம்பெட் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் விரல் எலும்பெல்லாம் வெளுத்திருந்ததைப் பார்த்தேன். அடுத்த முனை வந்தது. இவர் வண்டியின் வேகத்தைக் குறைத்து, "சொல்லும்மா" என்றார். அவளால் சொல்ல முடியவில்லை. திரும்பச் சொல்வதற்கு அவளுக்கு ஒரு தெருவும் இல்லை.

சாவி அக்காவிடம் ஒத்துக்கொண்டது எனக்கு நினைவிருந்தது. ஆனால் இன்னும் ஒரு தெரு தாண்டினால் அவள் வேறொரு பொய்யைத் தேட வேண்டியிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியாது.

"வண்டியைத் திருப்புங்க" என்றேன். "மண்டபத்துக்கு விடுங்க. பின்வாசலுக்கு."

"அங்க எதுக்கு இப்போ?"

 மகள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவ்வளவு கிட்டத்தில் அவள் முகத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று. கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்துதான் இருந்தது.

"எப்போம்மா பாத்தே?"

"மத்தியானம். உங்கப்பா பலகை ஏத்திட்டிருந்தப்போ."

"அப்போ நான் வாசிக்கறப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுடி. ரொம்ப நல்லா இருந்துச்சு."

அப்போதுதான் உடைந்தாள். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, சின்ன வயதில் அழுவதுபோலச் சத்தமாக அழுதாள். இவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, என்ன என்ன என்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிக் கேட்டார். அவளே சொன்னாள். கடைசியாக இருந்த வீட்டின் சொந்தக்காரர் சாமானை வாசலில் வைத்தது, மழைக்கு மண்டபத்தில் ஒதுங்கியது, சாவி அக்கா பார்த்தது, எல்லாம். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு வண்டியைத் திருப்பினார். மத்தியானம் மூன்று சுற்று சுற்றியவர், இந்தத் தடவை ஒரு திருப்பம்கூடத் தவறவில்லை.

பின்வாசல் இருட்டாக இருந்தது. வண்டி நின்றது.

"வீட்டுக்கு வந்துடும்மா" என்றார். 

"செவ்வாய்க்கிழமை இருக்குப்பா."

"அது முடிஞ்சு?"

"கிடைச்சுதுன்னா வரமாட்டேன். கிடைக்கலேன்னாலும் வரமாட்டேன்பா. வேற இடத்துல கேட்டுப் பாப்பேன்."

எனக்குப் பேச நிறைய இருந்தது. இழுத்து வண்டிக்குள் போட்டுக்கொண்டு போய்விடலாம்போல இருந்தது. வீட்டில் அவள் படுத்த கட்டில் இன்னும் அப்படியே கிடக்கிறது. ஆனால் மேடையில் எழுந்து நின்றபோது அவள் முகம் இருந்த விதத்தை நான் பார்த்துவிட்டேனே. அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் இழுத்திருப்பேன்.

அவள் என்னைத் தாண்டி இறங்கினாள். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"உள்ள வாங்கன்னு கூப்பிட முடியலம்மா. யாராவது பாத்தா சாவி அக்காவுக்கு வேலை போயிடும்."

இரண்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். அன்றைக்கு அதை அவள் சொல்ல முடியாமல் சொன்னாள்.

"இருக்கட்டும். நாங்க வரல. நீ போ, நேரமாகுது."

"நீங்க எங்கம்மா தூங்குவீங்க?"

"உங்கப்பாவுக்கு வண்டியில தூங்கறது புதுசா? நான் இன்னிக்குக் கத்துக்கறேன். போடி."

போனாள். இரும்புக் கதவின் ஓரத்தில் இருந்த சின்னக் கதவு திறந்து மூடியது. உள்ளே எந்த விளக்கும் வெளியே தெரியவில்லை. எப்படித் தெரியும், அங்கே ஜன்னல் இல்லையே. நாங்கள் இருட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் வந்தது. மூடி போடாமல் முழுசாக ஊதினாள். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, தப்பு வந்தால் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து. தடித்த சுவர்களைத் தாண்டி மெலிதாகத்தான் கேட்டது. யாரும் கதவைத் தட்டவில்லை.

இவர் வண்டிச் சாவியில் கையை வைத்தார். "போலாமா? வண்டியை எங்கயாவது நல்ல இடமாப் பாத்து நிறுத்தணும்."

"இருங்க" என்றேன். "அவ வாசிச்சு முடிக்கட்டும்."